உலக ஆய்வகங்கள் எல்லாம் பயன்படுத்திய ஒரு கட்டுரை... இரண்டாவது பெயராக நின்ற மெட்ராஸ் மாணவர்! யார் இந்த சுப்பாராவ்?

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எல்லோருக்கும் தெரியும். யானைக்கால் நோய் வராமல் தடுக்க சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தரும் டிஇசி மாத்திரையும் பலருக்குத் தெரியும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட்டை, அந்த வலி இருக்கிற வீடுகளில் கேட்டால் உடனே சொல்வார்கள்.

இந்த மூன்றும் ஒரே ஆய்வுக் குழுவிலிருந்து வந்தவை. அந்தக் குழுவை நடத்தியவர் சென்னையில் மருத்துவம் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். ஆனால், ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரை எழுதினார், அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணிப் பார்க்கும் இன்றைய கணக்கில் அவரைத் தேடினால், கிடைப்பது கொஞ்சம் குழப்பமான படம்தான். இவ்வளவு செய்தவரின் பெயர் ஏன் மேலே வரவில்லை?

மூன்றாவது முயற்சியில் மெட்ரிக்

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12, பீமாவரத்தில். இன்று ஆந்திரா, அன்று மெட்ராஸ் மாகாணம். படிப்பில் சூரர் என்றெல்லாம் சொல்ல முடியாது. மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறைதான் தேறினார். அதுவும் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு. அப்புறம் பிரசிடென்சி கல்லூரி, அங்கிருந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியை ஒதுக்கிய காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதர் உடையில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், அவருக்குக் கிடைத்தது முழு எம்.பி.பி.எஸ். இல்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். அரசு மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கப் போனார்.

குடும்பத்தில் இதைவிடப் பெரிய அடி விழுந்திருந்தது. ஸ்ப்ரூ என்ற நோய் அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோயிருந்தது. சாப்பிடும் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல், வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக ஆளை உருக்கிவிடும் நோய் அது. அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது.

மாமனாரின் உதவி, காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையின் ஆதரவு இரண்டையும் நம்பி, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அதன் பிறகு ஊர் திரும்பவே இல்லை.

எல்லோரும் கையில் எடுத்த நீல நிறம்

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவப் படிப்பு. செலவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்தார். 1925-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைதான் இந்தக் கதையின் மையம்.

கட்டுரை எதைப் பற்றி? ரத்தத்திலோ சிறுநீரிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. கேட்க சின்ன விஷயம். ஆனால் எலும்பு, சிறுநீரகம், தசை என எதை ஆராய வேண்டுமானாலும் அந்த அளவு வேண்டும். அதற்கு முன்பும் முறைகள் இருந்தன, அவ்வளவு நம்பகமானவையாக இல்லை.

இவர்கள் சொன்ன வழி இதுதான். மாதிரியிலிருந்து புரதத்தை நீக்க வேண்டும். மாலிப்டேட் என்ற வேதிப்பொருளை அமிலத்துடன் சேர்க்க வேண்டும். அது பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து இன்னொரு பொருளைச் சேர்த்தால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு. அளவு தெரிந்த ஒரு கரைசலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை, சாதாரண ஆய்வகத்திலும் செய்யலாம்.

26 பக்கக் கட்டுரை. அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்கள் அந்த நீலத்தைப் பார்த்துதான் வளர்ந்தார்கள். பாடப்புத்தகங்களில் அதன் பெயரே ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன.

அதே நீலம் அவர்களுக்கு இன்னொரு கதவையும் திறந்தது. தசையிலிருந்து எடுத்த சாற்றில் நிறம் உடனே வராமல் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சோதனையில் ஏதோ தப்பு என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவர்கள் விடவில்லை. தசைக்குள் ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் உடைந்து, பாஸ்பேட்டை மெதுவாக வெளியே விடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அது பாஸ்போகிரியேட்டின். 1927-ல் அறிவித்தார்கள். லாக்டிக் அமிலம்தான் தசையை இயக்குகிறது என்ற அன்றைய கருத்து ஆட்டம் கண்டது. அந்தக் கருத்தின் பின்னால் இருந்த ஹில், மேயர்ஹாஃப் இருவரும் ஏற்கெனவே நோபல் பரிசு வாங்கியவர்கள்.

1929-ல் அடுத்தது ஏடிபி, அதாவது உடலின் ஒவ்வொரு செல்லும் செலவு செய்யும் ஆற்றல் நாணயம். ஆனால் அதே ஆண்டு, சில வாரங்கள் முந்திக்கொண்டு ஜெர்மனியின் கார்ல் லோமன் அதைத் தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டார். பெரும்பாலான புத்தகங்களில் ஏடிபிக்கு எதிரே இருப்பது லோமன் பெயர்தான்.

மேற்கோள் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதும்போது, யார் யாருடைய ஆய்வைப் பயன்படுத்தினார் என்று கடைசியில் குறிப்பிட வேண்டும். அப்படி ஒரு கட்டுரை எத்தனை முறை குறிப்பிடப்படுகிறதோ, அதுதான் அதன் மேற்கோள் எண்ணிக்கை. இன்று பல இடங்களில் வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாவற்றுக்கும் இந்த எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள்.

இதை முறையாக எண்ணத் தொடங்கியவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். 1960-களில் அவர் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அட்டவணைதான் இன்றைய தரவுத்தளங்களுக்கு முன்னோடி. அதில் ஒரு சிக்கல் இருந்தது. மேற்கோள் காட்டப்படும் கட்டுரை, அதன் முதல் ஆசிரியர் பெயரின் கீழ் மட்டுமே பட்டியலில் வரும்.

1925 கட்டுரையின் முதல் பெயர் ஃபிஸ்கே. ஆக, அந்த அட்டவணையில் சுப்பாராவ் என்று தேடினால் அவருடைய மிகப் பெரிய கட்டுரையே கண்ணில் படாது!

பெயரே ஒரு தொல்லை. சுப்பாராவ் என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதியவர்கள் உண்டு, பிரித்து எழுதியவர்கள் உண்டு, ராவ் என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. கணினிக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

மூன்றாவது விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு முறை ரொம்பப் பிரபலமாகிவிட்டால், அதை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையில் அளந்தோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது எண்ணிக்கையில் சேராது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அளக்கும் முறையைச் சொல்லும் கட்டுரைக்கு இயல்பாகவே மேற்கோள் அதிகம் கிடைக்கும். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தை அளப்பது எப்படி என்று 1951-ல் லௌரி குழு எழுதியது. டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்ன வாட்சன்-கிரிக் கட்டுரைக்கோ, நேச்சர் இதழ் 2014-ல் வெளியிட்ட முதல் 100 பட்டியலில் இடமே இல்லை. எனவே 1925 கட்டுரைதான் சுப்பாராவின் மிகப் பெரிய சாதனை என்று எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. உயிர் காத்த வேலைகள் பின்னால்தான் வந்தன. பெயர் இன்னும் பின்னால் போனதும் அங்கேதான்.

பட்டியலில் ஏழாவது பெயர்

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அங்கே அவர் செய்த வேலை எல்லாம் வெளியே வந்ததா என்பதிலும் சந்தேகம் உண்டு. ஃபிஸ்கேயிடம் ஆய்வு மாணவராக இருந்து, 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் ஒரு விஷயத்தைச் சொன்னார். சுப்பாராவ் அன்றே பிரித்தெடுத்த சில பொருள்களை, பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், பொறாமையால் ஃபிஸ்கே அவற்றை வெளிவர விடவில்லை என்றே தோன்றுகிறது என்றும் சொன்னார். அது ஹிட்சிங்ஸின் கருத்து. எப்படியானாலும், வெளிவராத கட்டுரைக்கு மேற்கோள் கிடைக்காது.

1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். விரைவில் ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநர். அடுத்த எட்டு ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு மருந்தானதும் அதுதான். அந்தக் கட்டுரையில் 16 பேரின் பெயர்கள். முதல் எட்டுப் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில். குழுத் தலைவர் சுப்பாராவ் ஏழாவது! எழுத்து அப்படி அமைந்தது, அவ்வளவுதான்.

1947-ல் யானைக்கால் நோய்க்கான டிஇசி பற்றிய கட்டுரை. அதில் அவர் பெயர் கடைசி. 1948-ல் ஆரியோமைசின் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆண்டிபயாடிக். கண்டுபிடித்தவர் என்று வரலாறு சொல்வது, சுப்பாராவின் பிரிவில் வேலை செய்த முதியவர் பெஞ்சமின் டக்கரை. அது நியாயமும்கூட.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் காட்டி, செல்லை ஏமாற்றும் பொருள்களையும் அந்தக் குழு தயாரித்தது. பெருகத் துடிக்கும் புற்றுநோய் செல்லுக்கு ஃபோலிக் அமிலம் தீனி மாதிரி. போலித் தீனியைக் கொடுத்தால் பெருக்கம் நிற்கும். அப்படி வந்த அமினோப்டெரினை, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. தற்காலிகமானதுதான். ஆனால் அதுவரை அந்த நோய்க்கு மருத்துவர்களால் எதுவுமே செய்ய முடிந்ததில்லை. இதன் அடுத்த வடிவம்தான் மெத்தோட்ரெக்சேட்.

1948 ஜூன் மாதம் வெளியான அந்தக் கட்டுரை, புற்றுநோய்க்கான கீமோதெரபி வரலாற்றின் அடித்தளங்களில் ஒன்று. ஆசிரியர்கள் ஐந்து பேர். சுப்பாராவ் அதில் இல்லை. நோயாளிகளைப் பார்த்தவர்கள் எழுதிய கட்டுரை என்பதால் அதில் தவறு சொல்லவும் இடமில்லை. மருந்தைத் தயாரித்தவர்கள் எழுதிய வேதியியல் கட்டுரை தனி.

இரண்டே மாதம். 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

1953-ல் புதிதாகக் கண்டறிந்த ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்று அவர் நினைவாகப் பெயர் வைத்தார்கள். இந்திய அஞ்சல் துறை 1995-ல், அவருடைய நூற்றாண்டில், தபால்தலை வெளியிட்டது. பாஸ்பரஸ் பரிசோதனை இன்று ஆய்வகங்களில் தானியங்கி இயந்திரங்களுக்குப் போய்விட்டது. பாஸ்பேட்டை மாலிப்டேட் கொண்டு பிடிக்கும் வேதியியல் மட்டும் பல இயந்திரங்களில் இன்னும் அதேதான்.