வெள்ளுடை வேந்தர் தியாகராயர்

நம் கல்லூரி மாணவருள் பலர் நாள்தோறும் தியாகராய நகரைக் கடந்தே வருகின்றனர். பனகல் பூங்காவருகே பேருந்து ஏறுகின்றனர். பாண்டி பஜாரில் துணிமணி வாங்குகின்றனர். 'தி.நகர்' என்று சுருக்கிச் சொல்லும் வழக்கம் வந்தபின், அந்தத் 'தி' யாரைக் குறிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் குறைந்துவிட்டனர். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்து உழைத்த சர் பிட்டி தியாகராயரே அவர்.

தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். நெசவையும் வணிகத்தையும் வழிவழியாகக் கொண்ட தேவாங்கர் குலத்துச் செல்வக் குடும்பம் அவருடையது. மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். படித்தவர் பலரும் அரசு வேலையை நாடிய அக்காலத்தில் அவர் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். வண்ணாரப்பேட்டையில் விசைநாடாத் தறிகளை நிறுவி நெசவுச்சாலை நடத்தினார். தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகவும் விளங்கினார். எப்போதும் வெண்ணிற ஆடையே அணிந்தமையால் 'வெள்ளுடை வேந்தர்' என்று மக்கள் அவரை அழைத்தனர்.

1882ஆம் ஆண்டு இரு வகையில் நினைவுகூரத் தக்கது. ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டது அவ்வாண்டில்தான். தியாகராயர் நகராட்சி மன்றத்தில் அடியெடுத்து வைத்ததும் அவ்வாண்டில்தான். பின்னர் 1913இல் ரிப்பன் பெயரால் எழுந்த வெள்ளை மாளிகை மாநகராட்சியின் இல்லமாயிற்று. இன்று அம்மாளிகையின் முன்னே தியாகராயரின் சிலை நிற்கிறது.

மன்றத்தில் அவருடன் அமர்ந்திருந்தவர்களுள் டாக்டர் டி.எம். நாயரும் ஒருவர். இருவரும் நெடுநாள் ஒருவரையொருவர் எதிர்த்து வாதிட்டவர்கள். பிரிந்து நின்ற இவ்விருவரையும் டாக்டர் சி. நடேச முதலியார் ஒன்று சேர்த்தார். 1916 நவம்பரில் மூவரும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அச்சங்கம் நடத்திய ஆங்கில நாளேடு 'ஜஸ்டிஸ்'. அதன் பெயராலேயே கட்சிக்கு நீதிக்கட்சி என்ற பெயர் நிலைத்தது. அதற்கு முன்பு காங்கிரசில் பங்கு கொண்டிருந்த தியாகராயர், அவ்வாண்டு டிசம்பரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கையின் வாயிலாக, கல்வியிலும் அரசுப் பணியிலும் பெரும்பான்மை மக்கள் பின்தங்கிக் கிடப்பதை எடுத்துக்காட்டினார்.

1920ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, அமைச்சரவை அமைக்கத் தியாகராயரை அழைத்தார். அவர் அப்பதவியை ஏற்கவில்லை. கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். அவருக்குப்பின் பனகல் அரசர் வந்தார். தியாகராயர் கட்சித் தலைவராக இருந்துகொண்டு, தம் பணிக்களமாக மாநகராட்சியையே கருதினார். அரசு அதிகாரிகளே வகித்து வந்த மாநகராட்சித் தலைவர் பதவியில் அமர்ந்த முதல் அதிகாரியல்லாதார் அவர்தாம். மேயர் என்ற பெயர் அப்பதவிக்கு 1933இல்தான் வந்தது.

தலைவராக அவர் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துச் சொன்னால் போதும். ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பரம ஏழைகள். பசித்த வயிற்றோடு பள்ளியில் இருக்க இயலாமையால் வருகை குறைந்தது. 1920 செப்டம்பர் 16ஆம் நாள் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அப்பள்ளி மாணவர்க்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில், சிற்றுண்டி வழங்குவது என்பதே அது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்குதான் ஓரணா. ஆயினும் ஏழையின் பசிக்கு மாநகராட்சி பொறுப்பேற்பதா என்ற பெரிய வினாவுக்கு அத்தீர்மானம் விடை கூறியது.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிந்தது. 1922-23இல் ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. சோறு இட்டால் பிள்ளைகள் வருவர் என்பது மெய்ப்பட்டது. ஆயின் இச்செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து செய்ய அரசு இசையவில்லை. 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் நின்றது. அதே மாதம் 28ஆம் நாள் தியாகராயரும் மறைந்தார். தாம் நட்ட செடி வாடியதைக் கண்டே அவர் கண்மூடினார். இரண்டாண்டு கழித்து அது மீண்டும் துளிர்த்தது. 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கிடைத்தது.

அவர் வாழ்வில் குறை காண்பாரும் உண்டு. 1921இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது, வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடருக்கும் மற்றத் தொழிலாளருக்கும் பகை மூண்டது. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள் கொண்ட நிலை ஆதிதிராவிடர் மனத்தைப் புண்படுத்தியது. எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். அனைவர் உரிமைக்காகத் தோன்றிய இயக்கத்திற்கு இது பேரிழப்பே. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது.

மயிலைக்கும் நுங்கம்பாக்கத்திற்கும் மேற்கே நீண்டு கிடந்த ஏரியை 1920களில் தூர்த்து உருவாக்கிய புதுக் குடியிருப்புக்குத் தியாகராயர் பெயர் சூட்டப்பெற்றது. அங்கே நடேசன் பெயரில் பூங்கா, பனகல் அரசர் பெயரில் பூங்கா, டாக்டர் நாயர் பெயரில் சாலை. மன்றத்தில் எதிரெதிரே நின்று வாதிட்ட நாயரும் தியாகராயரும் இன்று ஒரே நகரில் அண்டை வீட்டாராகிவிட்டனர்!

ஆனால் ஊரின் பெயரைவிட உயர்ந்த நினைவுச்சின்னம் ஒன்று அவருக்கு உண்டு. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு என அந்த ஓரணாச் சிற்றுண்டி தமிழகமெங்கும் கிளைத்துவிட்டது. நம்முள் எத்தனையோ பேர் பள்ளியில் தட்டேந்தி வரிசையில் நின்று உண்டு, படித்து, இக்கல்லூரிக்கு வந்தவர்கள். முதலமைச்சர் நாற்காலியை வேண்டாமென்ற ஒருவர், ஒரு தெருப்பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தம் வேலையாக எண்ணினார். அந்த எண்ணத்தின் பயனை நாம் உண்டிருக்கிறோம். தி.நகரைக் கடக்கும்போது அதனை நினைத்தல் நம் கடன்.