ஜே. சி. குமரப்பா

மதுரையினின்று இராஜபாளையம் செல்லும் பாதையில் டி. கல்லுப்பட்டி என்னும் சிற்றூர் உளது. ஆங்குள்ள காந்தி நிகேதன ஆசிரமத்திலேயே பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தமது இறுதிக் காலத்தைக் கழித்தார். கிறிஸ்து பிறந்த திருநாளில் பரிசில் வழங்கி மகிழும் நாம், அவரது சரிதத்தை ஒருமுறை சிந்தித்தல் தகும்.

இவர் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கார்னீலியஸ் என்பது அக்காலத்து அவர் குடும்பப் பெயர். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராய்ச் சிறப்புற்றார். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ஆராய்ந்தபோது, இந்தியாவின் வறுமைக்கு ஆட்சியாளரின் வரியும் செலவுமே காரணமாதலைக் கண்டார்.

1929-ஆம் ஆண்டு மே மாதம், அவ்வாராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்டச் சபர்மதி சென்றார். மரத்தடியில் முதியவர் ஒருவர் இராட்டையில் நூற்றுக் கொண்டிருந்தார். இராட்டையை முன்பு கண்டறியாத குமரப்பா, கைத்தடியை ஊன்றி நின்று வியப்புடன் நோக்கினார். அம்முதியவரே அடிகள் என்றறிந்ததும், மேனாட்டு உடையணிந்திருந்த அவர் சாணமிட்டு மெழுகிய தரையிலேயே அமர்ந்துவிட்டார். அன்று தரையில் அமர்ந்தவர் பின்னர் மேனாட்டு வாழ்வுக்குத் திரும்பவில்லை, கதர் உடுத்தார், குமரப்பா என்னும் முன்னோர் பெயரையும் பூண்டார்.

1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் காரியதரிசியாய் வார்தாவில் உழைத்தார். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தலரிசி, பனைவெல்லம், கைக்காகிதம் முதலியன அவரது கவனத்தாற் புத்துயிர் பெற்றன. பன்முறை சிறை புகுந்தார். சிறையிலிருந்தே நிலைபேறுடைய பொருளியலைப் பற்றியும், இயேசுபெருமானின் வாழ்வு நெறியைப் பற்றியும் நூல்கள் எழுதினார்.

அவர் போதித்தவற்றுள் நம்மைச் சுடுவது ஒன்றுண்டு. ஒரு பொருளை வாங்குபவன், அது உண்டான முறைக்கும் பொறுப்பாளியே ஆவான். திருடிய பொருளை அறிந்து வாங்குதல் குற்றமாயின், பிறர் வயிற்றை வாட்டிச் செய்த பொருளை வாங்குதல் எங்ஙனம் குற்றமாகாது போம்? இக்கேள்வி கடைவீதியிலும் நம்மை விடாது தொடர்கின்றது.

1947-இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குக் காந்தியடிகள் அனுப்பிய பரிசில், தாம் நூற்ற நூலாற் பின்னிய ஒரு துணியே. அரண்மனைக்கு அது போதுமானதாயின், நம் தோழருக்குப் போதாதோ?

கல்லுப்பட்டியில் குமரப்பாவின் குடிலில் ஏழை உழவன் ஒருவனது படம் தொங்கிற்று. அவன் யாரென வினவியோர்க்கு, காந்தியடிகள் தமது தலைவர் என்றும், அவ்வுழவனோ தம் தலைவருக்கும் தலைவன் என்றும் கூறுவாராம். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், அடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் சென்னையில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நூலோ, கம்பளியோ, பனையோலையோ, நம் கையாற் செய்த ஒன்றை இவ்வாண்டு ஒருவருக்கேனும் அளிப்போமாக. செய்யவியலாதார், செய்தவன் கையில் நேரே விலைகொடுத்து வாங்கியேனும் அளிப்பாராக. அப்பரிசிலில் எவருடைய கண்ணீரும் கலந்திராது.