துறைமுகத்து எழுத்தர்

நுழையும்முன்

ஒருவருடைய திறமை அவருக்கே உரியது. ஆனால், அது வளர்வதற்குரிய நேரத்தையும் இடத்தையும் நம்பிக்கையையும் பிறரும் சேர்ந்தே தர வேண்டியிருக்கிறது. கல்லூரித் தேர்வுகளில் தோற்று, வேலையின்றி அலைந்த ஓர் இளைஞர் உலகம் போற்றும் கணித அறிஞராக உயர்ந்தார். அவ்வரலாற்றில் சென்னைத் துறைமுகத்துக்கும் பங்குண்டு. அவருக்கு யார், எப்போது, எவ்வாறு துணைநின்றனர் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பள்ளி தந்த உரம்

சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தம் தாயின் பெற்றோர் வாழ்ந்த ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பாடியும், கல்லூரி மாணவர்களைத் தம் இல்லத்தில் தங்கவைத்தும் குடும்பச் செலவுக்குத் துணைசெய்தார். அம்மாணவர்களே இராமானுஜனின் முதல் கணித நண்பர்கள். அவர்கள் அறிந்த கணக்குகளையெல்லாம் சிறுவர் விரைவில் கற்றுமுடித்தார்; மேலும் நூல்களைக் கேட்டுப் பெற்றார்.

டவுன் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் அவருடைய ஆற்றலை அடையாளங்கண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கால அட்டவணையை வகுக்கும் பொறுப்பை மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அவரிடம் ஒப்படைத்தார். 1904இல் கணிதத்துக்கான பரிசை வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணும் இம்மாணவருக்குக் குறைவே என்று அவையில் பாராட்டினார். பாராட்டோடு நில்லாமல் பொறுப்பையும் தந்தது அப்பள்ளியின் சிறப்பு.

தோல்வியின் ஆண்டுகள்

பள்ளியில் கிடைத்த அரவணைப்பு கல்லூரியில் தொடரவில்லை. கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று இராமானுஜனின் கைக்குக் கிடைத்திருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் விரிவான நிறுவல்களின்றி அதில் இடம்பெற்றிருந்தன. அவற்றைத் தாமே நிறுவிப்பார்ப்பதில் மூழ்கிய அவர், ஏனைய பாடங்களைப் புறக்கணித்தார். அதனால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்றிருந்த உதவித்தொகையை இழந்தார். 1905ஆம் ஆண்டில் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார்.

பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906, 1907 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் தேர்வில் தேறவில்லை. பட்டமும் இல்லை, பணியும் இல்லை. 1909இல் ஜானகியுடன் திருமணம் நடைபெற்றபின் வருவாய் தேடும் கடமையும் சேர்ந்தது. தாள் வாங்கப் பணமில்லாமையால் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். நண்பர்கள் அளித்த உணவும் இருப்பிடமுமே அக்காலத்தில் அவரைத் தாங்கின.

கைகொடுத்தவர்கள்

1910இல் தம் குறிப்பேடுகளுடன் இராமானுஜன் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்குத் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். தம் அலுவலகத்திலேயே சிறு பணி ஒன்றைத் தந்திருக்க அவரால் இயலும். ஆயினும் இத்தகைய ஆற்றலைச் சிற்றூர் அலுவலகம் ஒன்றில் முடக்குதல் தகாது எனக் கருதினார். எனவே, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார்.

அவ்வழியே பேராசிரியர் பி. வி. சேஷு ஐயரின் துணை கிட்டியது. நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். நண்பர்கள் விடாது முயன்று மீண்டும் சந்திக்கச் செய்தபின், இராமானுஜனின் தகுதியை உணர்ந்து மாதந்தோறும் பணம் அளித்தார். கணிதக் கழக இதழின் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், பிறர்க்கு விளங்கும் வகையில் அமையும்வரை கட்டுரையைத் திருப்பியனுப்பித் திருத்தச் செய்தார். இராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் அவ்விதழில் வெளிவந்தது.

எனினும், பிறர் பொருளில் வாழ இராமானுஜனின் மனம் ஒப்பவில்லை. உழைத்து உண்ண விரும்பிய அவர், துறைமுகப் பணிக்கு விண்ணப்பித்தார்.

துறைமுகப் பணி

இராயபுரத்துக்குத் தெற்கே, ஜார்ஜ் டவுனை ஒட்டிய கடற்கரையில் அமைந்தது சென்னைத் துறைமுகம். அதன் அலுவலகத்தில் 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்தார். மாத ஊதியம் 30 ரூபாய். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். ஓய்வு கிடைத்தபோது, சரக்குகளைப் பொதியும் தாள்களைத் துறைமுகத்தில் தேடியெடுத்து அவற்றில் கணக்கிட்டார் என்பர்.

அவருடைய மேலதிகாரி எஸ். நாராயண ஐயர், கணிதக் கழகத்தின் பொருளாளர். பகலில் அதிகாரியும் எழுத்தருமாக இருந்த இருவரும், மாலையில் சிலேட்டுகளுடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தனர். இராமானுஜன் ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்குத் தாவிச் செல்வார். தமக்கு விளங்கும்படி இடையிலுள்ள படிகளையும் எழுத வேண்டும் என்று நாராயண ஐயர் வற்புறுத்தினார். பிறர் புரிந்துகொள்ளுமாறு எழுதும் பழக்கம் இதனால் வளர்ந்தது.

துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். துறைமுக நுழைவாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றியமைத்தவர். நாராயண ஐயர் வாயிலாகத் தம் எழுத்தரின் ஆற்றலை அறிந்த அவர், அதனைப் பிற அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். அலுவல் நேரத்தில் கணக்கிட்டமைக்காகக் கண்டிக்கப்பட வேண்டிய எழுத்தர், அவ்வலுவலகத்தின் பெருமையாக மதிக்கப்பட்டார்.

கேம்பிரிட்ஜை நோக்கி

நண்பர்களின் ஊக்கத்தால் 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேரறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். தாம் கண்டறிந்த தேற்றங்கள் பலவற்றையும் அதனுடன் இணைத்தார். முன்னர் வேறு இரு கணித அறிஞர்களுக்கு அனுப்பிய கடிதங்களால் பயன் விளையவில்லை. ஹார்டியோ அத்தேற்றங்களைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் ஆராய்ந்து, அவற்றின் உண்மையான மதிப்பை உணர்ந்து மறுமொழி எழுதினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகை பெறுவதற்குப் பட்டமின்மை தடையாக நின்றது. ஆய்வை வளர்த்தலும் பல்கலைக்கழகத்தின் நோக்கமே என எடுத்துக்காட்டி, அவருக்காக அறிஞர்கள் வாதிட்டனர். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வழங்கப்பெற்றது. துறைமுகமும் அவருக்கு விடுப்பு அளித்தது. அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் ஆசிரியர் நெவில், அவருடைய தயக்கங்களை நேரில் கேட்டறிந்து நீக்கினார். தாயாரின் இசைவும் கிட்டியது. 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் இராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

அங்கு ஹார்டியுடன் இணைந்து செய்த ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றன. 1916இல் ஆய்வின் அடிப்படையில் பட்டம் கிடைத்தது. 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

உறவின் அருமை

ஆயினும் இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் அறிதல் வேண்டும். அவர் இங்கிலாந்து சென்ற ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவே உண்ட அவர், தாமே சமைத்து, பெரும்பாலும் தனித்தே உண்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டால் ஏற்ற உணவு கிடைத்தல் அரிதாயிற்று. இல்லத்திலிருந்து வரும் கடிதங்களும் அருகின. 1917இல் நோயுற்ற அவர், மருத்துவமனைகளில் நெடுநாள் தங்க நேர்ந்தது, மனமும் சோர்ந்தது.

அவருடைய கணிதத்தை உணர்ந்து பாராட்டியோர் அங்குப் பலர் இருந்தனர். உண்டாரா, உறங்கினாரா என நாள்தோறும் வினவுவோர் அரியராயினர். சென்னையில் மாலைதோறும் அருகமர்ந்து உரையாடியவரைப் போன்ற துணை அங்கு வாய்க்கவில்லை. அறிவுக்குக் கிடைக்கும் மதிப்பு, அன்புக்கு ஈடாகாது.

1919இல் தாயகம் திரும்பிய இராமானுஜனை மனைவி ஜானகி அருகிருந்து பேணினார். நோயின் நடுவிலும் அவர் புதிய கணித உண்மைகளைக் கண்டு எழுதினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார்.

பெற்றதைப் பிறர்க்கு

தாயகம் திரும்புமுன், சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. அதற்கு நன்றி தெரிவித்து 1919 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், பெற்றோருக்கும் தம் தேவைக்கும் போக எஞ்சும் தொகையை ஏழை மாணவர்க்கும் ஆதரவற்ற சிறுவர்க்கும் பள்ளிக் கட்டணமாகவும் நூல்களாகவும் பயன்படுத்த வேண்டும் என்று விரும்பினார். உதவித்தொகையை இழந்து வாடிய மாணவர், தம்மைப் போன்றோரை மறக்கவில்லை.

துணைநிற்கும் அப்பண்பு வடசென்னையில் இன்றும் தொடர்கிறது. முத்தியாலுப்பேட்டைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன், இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் திரட்டினார். அத்தொகுப்பு 1968இல் வெளிவந்தது. அவருடைய முயற்சியால் 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தோன்றின. எழுத்தராகப் பணியாற்றிய இடத்துக்கு அண்மையிலேயே, அவர் பெயரால் சிறுவர்கள் கணிதம் கற்கும் வாய்ப்பு உருவாயிற்று.

இராமானுஜனின் கணிதத் திறன் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால், ஒரு நண்பரின் குறிப்பேட்டைப் பொறுமையுடன் படித்துப் பார்ப்பதும், தமக்கு விளங்காததை விளக்குமாறு அவரைக் கேட்பதும், தகுந்தவரிடம் அவரை அழைத்துச் செல்வதும் நம் அனைவருக்கும் இயல்வனவே.

கற்பவை கற்றபின்

1. இராமானுஜனுக்கு உதவியோரைப் பட்டியலிட்டு, அவரவர் செய்த உதவி எவ்வகையில் வேறுபட்டது என்பதை வகுப்பில் உரையாடுக.

2. படிப்பில் தோல்வியுற்ற நண்பருக்கு நீங்கள் எவ்வாறு துணைநிற்பீர்கள் என்பதைக் கடிதமாக எழுதுக.