குருதியின் உணவைத் தேடியவர்

மருத்துவ மேதை எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 சனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறையே தேறியவர் அவர் என்பதை நம் மாணவச் செல்வங்கள் முதற்கண் அறிதல் நலம். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைக் கூடத்திலும் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது.

உண்ட உணவின் சத்து உடலிற் சேராது, குருதி குன்றி மெலியச் செய்யும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அத்துயரமே அவரை ஆய்வின்பால் உந்தியது என்பர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிற் சிலகாலம் உடற்கூற்றியல் கற்பித்தபின், 1920-களின் தொடக்கத்தில் இளம் மனைவியை ஊரில் விட்டுக் கடல்கடந்து பாஸ்டன் நகர் அடைந்தார். தாயகம் மீளவேயில்லை. மருத்துவம் கற்றவர், அங்கே வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையின் இரவுப் பணியாளராய் நோயாளிகளின் கழிவுக் கலங்களைத் துப்புரவு செய்தார். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து, குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். ஆயினும் நிலையான பதவி அங்கு வாய்க்கவில்லை.

1940-இல் லெடர்லி ஆய்வகம் சென்ற பின்னரே அவர் நாடியது கைகூடியது. எலும்பு மச்சையில் ஓயாது பிறக்கும் குருதியணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. கீரையிலும் ஈரலிலும் சிறிதளவே உள்ள அதனை, 1945-இல் அவருடைய குழுவினர் ஆய்வகத்திலேயே ஆக்கிக் காட்டினர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது பயன்பட்டது. தம்மவரைக் காக்க இயலாதவர், பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் காக்கும் மருந்தைக் கண்டார்.

ஆனால் இரத்தப் புற்றுக்கு ஆளான குழந்தைகளுக்கு அதே அமிலம் நோயை வளர்ப்பதாகவே தோன்றியது. நல்லணுவுக்கு உணவாவது தீய அணுவுக்கும் உணவாகிறது! எனவே பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், உணவை மறிக்கும் பொருளை நாடினார். சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோன்றி அணுவை ஏமாற்றும் போலிகளைச் செய்து அளித்தனர். அவற்றுள் ஒன்றே அமினாப்டெரின். 1948 சூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அத்தணிவு நிலைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும், அதுவரை வெறுங்கையராய் நின்ற மருத்துவர்க்கு அதுவே முதல் வாயில்.

ஏறத்தாழ இரு திங்கள் கழிந்து, ஆகஸ்டு 8 அன்று, 53-ஆம் அகவையில் சுப்பாராவ் மறைந்தார். நம் நாட்டிலோ அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலர். இந்திய அஞ்சல்துறை 1995-இல்தான் அவருக்குத் தலை வெளியிட்டது. அவர் குழுவினர் ஆக்கிய மற்றொரு போலியாகிய மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் வழங்கப்படுகிறது. அது நோயணுவோடு மச்சையின் நல்லணுக்களையும் வாட்டும். ஆதலால் பேரளவில் அதனைச் செலுத்திய மருத்துவர், குறித்த நேரங்கழித்து ஃபோலிக் அமிலத்தின் மற்றொரு வடிவத்தை அதே குழந்தைக்குக் கொடுக்கின்றனர்.