புயலின் சுவடு படித்தவர்

பலத்த காற்று ஓய்ந்த மறுநாள் காலையில், எங்கள் ஜவ்வாது மலையில் சாய்ந்து கிடக்கும் மரங்களைக் கண்டே, காற்று எத்திசையிலிருந்து வீசியது என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். புயல் போய்விடும், அதன் சுவடு நிற்கும். அச்சுவடுகளைப் படிப்பதிலேயே தம் வாழ்வின் பிற்பகுதியைச் செலவிட்ட ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே ஹென்றி பிடிங்டன்.

1797-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர், கப்பல் தலைவராகப் பணியாற்றிய பின் கல்கத்தாவில் குடியேறினார். அங்கே கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராகவும் விளங்கினார்.

அக்காலத்தில் நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப வழியே இல்லை. ஆகவே பிடிங்டன், புயலில் அடிபட்டுக் கரை சேர்ந்த கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். எந்த நேரத்தில் கப்பல் எங்கே இருந்தது, காற்று எப்பக்கம் திரும்பியது, பாய்மரம் எப்போது முறிந்தது என்பவற்றை ஒப்பிட்டு வரைபடத்தில் குறித்தார். புயல்காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்று ரெட்ஃபீல்டு, ரீட் ஆகிய அறிஞர்கள் கூறியது வங்கக் கடலுக்கும் பொருந்தும் என்பது அதனால் உறுதியாயிற்று.

1848-இல் மாலுமிகளுக்கென ஒரு நூல் எழுதினார். பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உருவாக்கினார். காற்றின் திசைகள் பொறித்த, கொம்பினால் ஆன மெல்லிய தகடுகளையும் நூலோடு இணைத்தார். அத்தகட்டை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் புயலின் மையத்தை அறிந்து விலகிச் செல்லலாம்.

1853-இல் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்ட அரசு எண்ணியது. புயலில் பொங்கும் கடல்நீர் அதை மூழ்கடித்துவிடும் என்று டல்ஹௌசி பிரபுவுக்குப் பிடிங்டன் கடிதம் எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை. 1858-இல் அவர் கல்கத்தாவிலேயே காலமானார். கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1867-இல் அடித்த புயலில் கடல்நீர் புகுந்து அது பாழாயிற்று; சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

சுவடு படிக்கும் கலை அவரோடு முடியவில்லை. 1971-இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபுஜிட்டா, 'டொர்னாடோ' என்னும் கடுஞ்சுழற்காற்றின் வலிமையை, அது இடித்த வீடுகளையும் முறித்த மரங்களையும் கொண்டே ஆறு படிகளாக வகுத்தார்.

அன்புத் தோழியரே, முறிந்த பாய்மரமும் நமக்கு ஓர் ஆசான்தான். அது கற்பிக்கும் பாடத்தை அடுத்த புயலுக்கு முன்னே கற்றுக்கொள்வோம். கற்றவர் எச்சரிக்கும்போது செவிகொடுத்துக் கேட்போம்.