பூட்டப்படாத அலமாரி

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ஒரு சிறிய பள்ளி திறக்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் மருத்துவர் மரியா மாண்டிசோரி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளே அவருடைய மாணவர்கள். மூன்று வயதுக் குழந்தையும் ஆறு வயதுக் குழந்தையும் ஒரே அறையில் இருந்தனர். மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் கற்றனர்.

ஒருநாள் ஆசிரியை, பயிற்சிப் பொருள்கள் இருந்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் அவர் வருவதற்குள் பிள்ளைகள் வேண்டியவற்றை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தனர். ஆசிரியை அதைத் திருட்டு என்றே எண்ணினார், தண்டிக்கவும் விரும்பினார். மாண்டிசோரியோ, தங்களுக்கு எது தேவை என்பது பிள்ளைகளுக்கே தெரிந்திருப்பதை அதில் கண்டார். அதன்பின், குழந்தைகளின் கைக்கு எட்டும் திறந்த அலமாரிகள் அங்கே வந்தன.

அவரது முறையில் மதிப்பெண்ணும் இல்லை, பரிசும் இல்லை. அப்படியானால் முன்னேற்றத்தை எப்படி அறிவது? ஆசிரியர் குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும். எந்தப் பிள்ளை எதை எடுத்தது, எவ்வளவு நேரம் அதில் மூழ்கியிருந்தது, எங்கே தடுமாறியது எனக் குறித்துவைக்க வேண்டும். மருத்துவர் அல்லவா! பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும்கூடப் பதிவுசெய்யச் சொன்னார்.

1939இல் அவர் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு மரியோவைத் தடுப்பு முகாமில் அடைத்தது. தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டியே அவர் விடுவிக்கப்பட்டார். போர் முடியுமுன், கொடைக்கானலிலும் பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்த ஒரு சிறிய பள்ளி மாண்டிசோரியின் பார்வையில் நடந்தது.