தாயகம் திரும்பிய தாயுள்ளம்

சேர்வராயன் மலையடிவாரத்திலுள்ள நமது கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒருவருக்கு நோய் கடுமையானால், சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறோம். புற்றுநோயே ஆயினும் வைத்தியம் உண்டு என்ற நம்பிக்கை இன்று நமக்கு இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் அந்த நம்பிக்கை நம் நாட்டில் அரிதாக இருந்தது. அதை விதைத்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய அன்புத் தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க முடியவில்லையே என்ற துயரம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1925இல் அரசு உதவித்தொகை பெற்று மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். மறு ஆண்டு தாயகம் திரும்பினார். அன்றைய சென்னை மாகாணத்திலோ அப்படி ஒரு மருத்துவமனைகூட இல்லை. பொது மருத்துவமனைகளுக்கு ஏழை மக்கள் நோய் முற்றிய பிறகே வந்தனர். வந்தவர்களுக்கும் தனிப் பிரிவு இல்லை. இந்நோய் கண்டவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார் என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடமும் இருந்தது.

அம்மையார் மனம் தளரவில்லை. 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தம் கோரிக்கையை எடுத்துரைத்தார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டத் தொடங்கினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 67. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை ஆலமரமாய் வளர்த்தனர். பல்லாயிரம் ஏழைகள் அங்கே இலவசமாகவும் சலுகைக் கட்டணத்திலும் சிகிச்சை பெற்றுள்ளனர்.

1968 ஜூலை 22 அன்று அம்மையார் இயற்கை எய்தினார். அவர் பெயரால் தமிழக அரசு மகப்பேறு நிதியுதவி வழங்கி வருகிறது.

அயல்நாட்டின் சிறப்பைக் கண்டு வியப்பவர் பலர். தம் நாட்டின் குறையைக் கண்டு சலிப்பவரும் பலர். அந்தக் குறையைத் தம் கடமையாக ஏற்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்து நிறைவேற்றியவர் அம்மையார். மருத்துவராகவும் செவிலியராகவும் கனவு காணும் மாணவியராகிய நாம், எந்நாடு சென்று பயின்றாலும், நம் ஊர் ஆஸ்பத்திரித் திண்ணையில் காத்திருக்கும் ஏழையை மறவாதிருப்போமாக!